காயச்சரக்கா, மூலிகைக் குளிசையா?

மட்டக்களப்பில் பிள்ளை பெற்ற வீடுகளில் இப்போது இரண்டுமே இருக்கின்றன: தாயின் பத்தியக் கறிக்கு அம்மம்மா அரைத்த காயச்சரக்கும், 'பால் சுரக்க' என்று ஒட்டிய மூலிகைக் குளிசைப் போத்தலும்.

நான் சரக்கின் பக்கம்தான். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அரைத்துப் பால்சுறாவோடு கறியாக்கினால் தாய்க்குப் புரதம் கிடைக்கும், சாப்பாடும் இறங்கும். சரக்கு கறியளவில்தான் சேரும். ஆனால் பத்தியம் என்று தண்ணீரையும் மரக்கறியையும் மறிப்பது சரியில்லை.

குளிசையில் பிரச்சினை அளவுதான். அதில் பெரும்பாலும் இருப்பது வெந்தயம். கறிக்குப் போடும் சிட்டிகை அல்ல, நாளுக்குப் பல கிராம். தாயின் வியர்வையும் சிறுநீரும் பாகு மாதிரி மணக்கலாம், வயிற்றோட்டம் வரலாம், இரத்தத்தில் சீனி இறங்கலாம். இன்சுலினோ, இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரினோ பாவிப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. இவ்வளவுக்கும், பால் கூடுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கர்ப்பகாலத்தில் இந்த அளவு வேண்டவே வேண்டாம். கருப்பை சுருங்கத் தூண்டலாம்.

லேபல் இல்லாத மூலிகை உருண்டைகள் இன்னும் மோசம். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. 2011–12இல் நியூயோர்க்கில் ஆயுர்வேத மருந்து எடுத்த 6 கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சேற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. ஈயம் கருவுக்கும் போகும்.

கிளினிக்கில் தரும் இரும்பு, ஃபோலிக் அமிலம், கல்சியம் ஆகியவற்றுக்கு இவை இரண்டுமே மாற்றில்லை. ஏற்கனவே குளிசை எடுக்கிறீர்கள் என்றால், வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் பெயரை மட்டும் சொல்லாமல் போத்தலையே காட்டுங்கள்.