நாகர்கோவிலில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: கி.பி. 69-க்கு ஒரு முழு மாலை

நாகர்கோவிலில் காசு கொடுத்து வரலாறு படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் போட்டித் தேர்வு கோச்சிங்தான் கிடைக்கும். கோட்டாறு பக்கம் ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கும் வாடகை நூலகம் வேறு மாதிரி ஒன்றைச் செய்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு, ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு ஆண்டு, கட்டணம் 200 ரூபாய், நடுவில் சாயாவும் ரசவடையும் அதிலேயே சேர்த்தி. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் போன அன்றைக்கு கி.பி. 69, ரோமில் ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள் இருந்த ஆண்டு. குறைகளைப் பிறகு சொல்கிறேன், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போகலாம்.

சார் பலகையில் முதலில் எழுதியது பன்னிரண்டு மாதங்களின் பெயர்கள். பேரரசர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சம்பவமும் வர வர அந்தந்த மாதத்துக்கு எதிரே நிரப்பிக்கொண்டே போனார். இதனால் என்ன லாபம் என்றால், கால்பா, ஓதோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்த நான்கு பேரரசர்களின் பெயரை மனப்பாடம் செய்யும்போது வராத ஒரு பதற்றம் வருகிறது. ஜனவரி கட்டம் நிரம்பி வழிகிறது, பிப்ரவரி கிட்டத்தட்ட காலி, ஏப்ரலில் மறுபடி நெருக்கடி. அந்த ஆண்டை வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பலகையைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜனவரியைத்தான் அவர் மிக நன்றாக நடத்தினார். முந்தைய ஆண்டு ஜூனில் நீரோ தற்கொலை செய்துகொள்ள, ஸ்பெயினில் ஆளுநராக இருந்த எழுபது வயது தாண்டிய கால்பா பேரரசரானார். ரோமுக்கு வெளியே இருந்துகொண்டும் ஒருவர் பேரரசராகலாம் என்ற ரகசியம் அன்றைக்கு வெளிப்பட்டது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார், சார் வகுப்பு முழுக்க இந்த ஒரு புள்ளிக்கே திரும்பத் திரும்ப வந்தார். ரோமில் பேரரசரின் காவல்படைக்கு கால்பாவின் பெயரால் பெரிய அன்பளிப்பு வாக்களிக்கப்பட்டிருந்தது, கால்பா கொடுக்க மறுத்தார். ஜனவரி 1-ல் ஜெர்மானிய எல்லையில் இருந்த படைகள் அவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தன, அடுத்த நாளே அங்கே தளபதியாக இருந்த விட்டெல்லியஸைப் பேரரசர் என்று அறிவித்துவிட்டார்கள். ஜனவரி 10-ல் கால்பா பிசோ என்ற இளைஞரை வாரிசாகத் தத்தெடுத்தார். தன்னைத்தான் தத்தெடுப்பார் என்று காத்திருந்த ஓதோவுக்கு அது தாங்கவில்லை.

ஜனவரி 15 காலையில் கால்பா கோயிலில் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறார், ஓதோ பக்கத்திலேயே நிற்கிறார். பழைய வீடு ஒன்று வாங்கப்போகிறேன், அதைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓதோ கிளம்புகிறார். சாட்டர்ன் கோயில் அருகே அவரைப் பேரரசர் என்று வாழ்த்தக் காத்திருந்த வீரர்கள் வெறும் 23 பேர்! அன்று சாயங்காலத்துக்குள் கால்பாவும் பிசோவும் கொல்லப்பட்டார்கள், ஓதோ பேரரசர். இந்த இடத்தில் சார் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், அறையில் யாரும் பேசவில்லை. 23 பேரோடு தொடங்கியது எப்படி ஒரு நாளில் முடிந்தது என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் எனக்குப் பிடித்தது. அந்த 23 பேர் தைரியசாலிகள் என்பதைவிட, மற்ற ஆயிரக்கணக்கானோர் கால்பாவுக்காகக் கையைத் தூக்கத் தயாராக இல்லை என்பதுதான் விஷயம் என்றார்.

ஏப்ரல் 14-ல் வட இத்தாலியில் கிரெமோனா பக்கம் பெட்ரியாக்கத்தில் ஓதோவின் படை விட்டெல்லியஸின் படையிடம் தோற்றது. தன்யூப் ஆற்றுப் பக்கத்திலிருந்து உதவிப் படை வந்துகொண்டிருந்தது, ஓதோ நினைத்திருந்தால் இன்னும் போராடியிருக்கலாம். தனக்காக இனி ரோமர் ரோமரைக் கொல்ல வேண்டாம் என்று அவர் தன்னைத் தானே குத்திக்கொண்டு இறந்தார். சூழ்ச்சி செய்து ஆட்சிக்கு வந்த ஆள் இப்படி முடித்ததை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது, அவருடைய இரண்டு பக்கத்தையும் சார் பொறுமையாகச் சொன்னார்.

அப்புறம் எகிப்து. எங்கள் ஊர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கேதான். ஜூலை 1-ல் அலெக்சாந்திரியாவில் படைகளை வெஸ்பாசியனுக்குப் பிரமாணம் எடுக்க வைத்தவர் எகிப்தின் ஆளுநர் டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர். வெஸ்பாசியன் அப்போது யூதேயாவில் போர் நடத்திக்கொண்டிருந்தார். எகிப்தைப் பிடித்துக்கொண்டால் ரோமுக்குப் போகும் தானியத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி, கழுத்தில் கை வைத்தது போலத்தான். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். சார் சேர்த்தது இன்னொன்று. அந்த அலெக்சாண்டரின் தம்பி மார்க்கஸ், செங்கடல் துறைமுகங்களான மையோஸ் ஹார்மோஸ், பெரெனிகே வழியாகச் சரக்கு வியாபாரம் செய்தவர், பானை ஓடுகளில் எழுதிய ரசீதுகளில் அவர் பெயர் இருக்கிறது. அதே பெரெனிகேயில் அகழாய்வில் ஒரு பெரிய தாழியில் ஏழரை கிலோ இந்திய மிளகு கிடைத்தது. கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகம் முசிறி, அந்தப் பக்கத்து மிளகு கப்பலேறிப் போய் இறங்கிய கரை அது. அந்த முதல் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் நம் குமரியும் வருகிறது, அங்கே நீராடித் துறவு வாழ்க்கை வாழ வரும் ஆண்களையும் பெண்களையும் பற்றி. பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி சொல்லும் கொட்டியாரா நம் கோட்டாறுதான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ரோமில் யார் சிம்மாசனத்தில் என்பது இங்கே யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சிம்மாசனத்தைத் தீர்மானித்த துறைமுக நகரத்துக்கு நம் பக்கத்து மிளகு போய்க்கொண்டிருந்தது என்று அவர் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயா நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அண்ணன் நல்ல விவாதம் ஒன்றைக் கிளப்பினார். விட்டெல்லியஸின் தளபதி கேசினா வெஸ்பாசியன் பக்கம் தாவப் பார்த்ததைக் கேட்டதும், நம்ம டிலனாய் மாதிரிதானே என்றார். 1741 குளச்சல் போருக்குப் பிறகு டச்சுத் தளபதி டிலனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்து திருவிதாங்கூர் படையையே பயிற்றுவித்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், உதயகிரிக் கோட்டையில்தான் அவர் கல்லறை. எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. டிலனாய் பிடிபட்ட பிறகு சேர்ந்தவர், கேசினா தோற்பதற்கு முன்பே தன் படையை விற்கப் பார்த்தவர். சாரும் அதையேதான் சொன்னார்.

சரி, குறைகள். ஜனவரிக்கு அவ்வளவு நேரம் எடுத்ததால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓட்டமாக ஓடிவிட்டார். அக்டோபரில் அதே பெட்ரியாக்கம் அருகே இரண்டாவது போர் இரவு முழுக்க நடந்தது. வெஸ்பாசியன் பக்கத்தில், சிரியாவில் பணிபுரிந்து பழகிய ஒரு லீஜியன் (ரோமப் படைப்பிரிவு) விடியலில் சூரியனை வணங்கிக் குரலெழுப்ப, எதிரிக்குப் புதுப் படை வந்துவிட்டதாக விட்டெல்லியஸின் ஆட்கள் கலங்கினார்கள், அப்புறம் கிரெமோனா நகரம் நான்கு நாள் சூறையாடப்பட்டது. இதெல்லாம் ஐந்து நிமிடம். டிசம்பரில் விட்டெல்லியஸ் பதவி விலகப் பார்த்தும் கூட்டமும் வீரர்களும் விடவில்லை. வெஸ்பாசியனின் அண்ணன் சபினஸ் தஞ்சம் புகுந்த கேப்பிட்டல் குன்றில் ஜூபிடர் கோயில் எரிந்தது, சபினஸ் கொல்லப்பட்டார். தெருவில் சண்டை நடக்க ரோம மக்கள் விளையாட்டுப் பார்ப்பது போலக் கைதட்டி வேடிக்கை பார்த்தார்கள், அது சாட்டர்னேலியா திருவிழா நேரம் வேறு. இந்த ஒரு காட்சிக்கே அரை மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். ரைன் கரையில் சிவிலிஸ் தலைமையில் பட்டாவியர் என்ற ஜெர்மானிய இனத்தார் நடத்திய கிளர்ச்சி பலகையில் ஒரு வரியோடு நின்றுவிட்டது. இந்த ஆண்டுக்கு இரண்டு மாலை ஒதுக்க வேண்டும், 400 ரூபாய் என்றாலும் கொடுப்பேன் என்று அவரிடமே சொன்னேன்.

கையில் தரும் நான்கு பக்கத் தாளில் எழுத்து ரொம்பப் பொடி, வயதானவர்கள் சிரமப்பட்டார்கள். அதில் வரைபடம் இல்லாதது பெரிய குறை, சுவரில் மாட்டியது பின்வரிசைக்குத் தெரியாது. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் வருவது நல்லது. குளச்சல், மார்த்தாண்டம் பக்கமிருந்து வருபவர்கள் வகுப்பு எட்டரை தாண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கி.பி. 79 என்று சொல்லியிருக்கிறார், ஜூனில் வெஸ்பாசியன் இறந்து மகன் டைட்டஸ் வந்த ஆண்டு, வெசுவியஸ் வெடித்ததும் அதே ஆண்டுதான். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்குப் பாதிக் கட்டணம். முன்பதிவு வேண்டாம், ஆனால் ஐந்தரைக்கே போனால்தான் முன்வரிசை கிடைக்கும்.