கில்லர் சுடோகு: ஒரு வருஷம் போட்டுப் பார்த்த பிறகு

சாதாரண சுடோகு கை பழகிவிட்டால் வெறும் தேடலாகிவிடும். கில்லரில் பெரும்பாலும் ஓர் எண்கூடத் தந்திருக்க மாட்டார்கள். புள்ளிக்கோட்டுக் கூண்டுகள், கூண்டின் மூலையில் உள்ளே வரவேண்டிய எண்களின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். செங்கோட்டையில் ரயிலேறினால் புனலூருக்குள் நடுத்தரப் புதிர் ஒன்று முடியும். கடினமானது கொல்லம் வரை இழுக்கும்.

ஒரே ஒரு விதமாக மட்டுமே எண்கள் சேரக்கூடிய தொகைகளை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். இரண்டு கட்டத்துக்கு 3, 4, 16, 17. மூன்றுக்கு 6, 7, 23, 24. நான்குக்கு 10, 11, 29, 30. புத்தகத்தின் பின்னால் தரும் முழு அட்டவணையைப் பார்த்துப் போடுவது பிட்டு வைத்துப் பரீட்சை எழுதுகிற மாதிரி.

ஆட்டத்தின் உயிர் 45-இல் இருக்கிறது. 1 முதல் 9 வரை கூட்டினால் வருவது அது. ஒரு பெட்டியை (மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம்) தொடும் கூண்டுகள் 3, 17 (இரண்டிரண்டு கட்டம்), 18, 13 (மும்மூன்று கட்டம்) என்று வையுங்கள். மொத்தம் 51. 13-இல் ஒரு கட்டம் மட்டும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே 6. உள்ளே மீதி 7. 1, 2 இரண்டையும் 3-கூண்டு விழுங்கிவிட்டது. ஆகவே 3, 4தான். 17-க்கு 8, 9. மிச்சமுள்ள 5, 6, 7 தானாக 18-க்குப் போகும். ஒரு பெட்டியில் பிடி கிடைக்காவிட்டால் இரண்டு வரிசையைச் சேர்த்து 90, மூன்றுக்கு 135 என்று பாருங்கள்.

ஒரு கூண்டுக்குள் எண் திரும்ப வரக்கூடாது. பெட்டி தாண்டி 'ட' மாதிரி வளையும் கூண்டில்தான் இது மறந்துபோகும். தொகை 8 என்றால் 3, 2, 3 எந்த வரிசையிலும் இடிக்காது, ஆனாலும் தப்பு. 1, 2, 5 அல்லது 1, 3, 4 மட்டுமே. கூட்டலில் ஒன்று பிசகினாலும் பாதிப் புதிர் தாண்டித்தான் தெரியும். 51, 6 போன்றவற்றை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஜெராக்ஸில் புள்ளிக்கோடு மங்கிவிடும். கூண்டுகளுக்கு லேசாகக் கலர் பென்சில் பூசினால் தீர்ந்தது. எத்தனை கூண்டு இருந்தாலும் நாலு நிறம் போதும், வரைபடத்துக்கான நான்கு நிறத் தேற்றம் அப்படியே பொருந்தும். மஞ்சள் மட்டும் வேண்டாம், பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் வண்டி நுழைந்தால் அது கண்ணில் படாது.

ஏ4 தாளுக்கு ஒரே புதிர், அகலம் 18 செ.மீ., கட்டத்துக்கு 2 செ.மீ. இதற்குக் கீழே போனால் தொகைக்கும் உத்தேச எண்களுக்கும் சேர்த்து இடம் இருக்காது. தென்மலை வளைவுகளில் 0.5 மைக்ரோடிப் லெட் உடைந்துகொண்டே இருக்கும். மரப் பென்சில் எச்பி நல்லது. இங்க்ஜெட் பிரிண்டில் ரப்பர் போட்டால் கோடும் இழுபடும், லேசரில் எடுங்கள்.