ஈஎஸ்பிஎன், ஸ்கை, இலவச ஒளிபரப்பு: யார் பணத்தில் ஓடுகிறது ஆட்டம்?

விளையாட்டு அலைவரிசைகளை ஒப்பிட உட்காருபவர்கள் படத் தெளிவையும் வர்ணனையையும்தான் முதலில் எடுப்பார்கள். எனக்கு முதல் கேள்வி, பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பது.

ஈஎஸ்பிஎன் 1979 செப்டம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து பிரிஸ்டல் நகரில் தொடங்கியபோது, பொழுதை நிரப்பவே ஆட்டங்கள் போதவில்லை. சாஃப்ட்பால், ஆஸ்திரேலியக் கால்பந்து என்று கிடைத்ததையெல்லாம் காட்டியது. அதைத் தூக்கிவிட்டது கேபிள் தொகுப்பு. வீட்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கேபிள் நிறுவனங்களிடம் வசூலித்தது. பந்தை ஏறெடுத்தும் பார்க்காத பாட்டியின் கட்டணத்திலும் அதற்குப் பங்கு இருந்தது. 2011 வாக்கில் சுமார் 10 கோடி வீடுகள். அந்தப் பணபலம்தான் அமெரிக்கக் கால்பந்தின் திங்கள் இரவு ஆட்டத்தை 2006இல் அதன் கையில் சேர்த்தது.

பிரிட்டனின் ஸ்கை போன வழி வேறு: வேண்டுபவர் கட்டட்டும். 1992இல் இங்கிலாந்தின் முதல்தரக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கின் நேரடி ஒளிபரப்பைப் பிடித்தது. பிபிசியின் பங்கையும் சேர்த்து ஐந்தாண்டு ஒப்பந்தம் 30.4 கோடி பவுண்டு. சனிக்கிழமை ஆட்டங்கள் ஞாயிறுக்கும் திங்கள் இரவுக்கும் நகர்ந்தன. வெளியூர் ரசிகன் வீடு திரும்பும் கடைசி ரயிலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திரையின் மூலையில் கோல் கணக்கும் கடிகாரமும் நிரந்தரமாக நிற்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது ஸ்கைதான். அது இல்லாத ஆட்டத்தை இன்று நம்மால் ஐந்து நிமிடம் பார்க்க முடியாது.

ஸ்கையின் விலை எங்கே தெரிகிறது? இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் டெஸ்ட் கிரிக்கெட் தொடரை 2005இல் பிரிட்டனின் சேனல் 4 இலவசமாகக் காட்டியது. டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்டின் உச்ச நேரத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் உள்நாட்டு டெஸ்ட்டுகள் ஸ்கைக்குப் போயின. 2009 ஆஷஸை இங்கிலாந்து வென்றபோது உச்சம் 20 லட்சத்தைத் தொடவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் கஜானா நிறைந்தது உண்மை. பார்த்துப் பழகும் சிறுவர்கள் குறைந்ததும் உண்மைதான்.

இலவச ஒளிபரப்பு என்றதும் சாதுவான அரசு அலைவரிசைதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் அப்படியில்லை. கிரிக்கெட் உரிமை மறுக்கப்பட்ட கோபத்தில் அதன் முதலாளி கெர்ரி பேக்கர் 1977இல் தனிப் போட்டியையே தொடங்கினார். இரவு ஆட்டம், வெள்ளைப் பந்து, வண்ணச் சீருடை எல்லாம் அந்தச் சண்டையில் வேரூன்றியவை. ஆட்டத்தின் உருவத்தையே மாற்றியதில் அவரைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இணைய ஒளிபரப்பு புதிய போட்டியாளர். படம் சில நொடி பிந்துவதால், பக்கத்து வீட்டுக் கூச்சலே கோலை முந்திச் சொல்லிவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், கேபிளைத் துண்டிப்பவர்களோடு அந்தப் பாட்டியின் பங்கும் போய்விட்டது. 2025 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் மாதம் 29.99 டாலருக்குத் தன் சேவையை நேரடியாகவே விற்க ஆரம்பித்தது. அதாவது, ஸ்கையின் பாதைக்கு வந்துகொண்டிருக்கிறது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு 2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். தொடரைக் காட்டிய ஸ்கை, லார்ட்ஸில் நடந்த அந்த ஒரு நாளை மட்டும் சேனல் 4உடன் பகிர்ந்துகொண்டது. அதைப் பெருந்தன்மைக்கு விடாமல், உரிமை ஒப்பந்தத்திலேயே வாரியங்கள் எழுதி வாங்க வேண்டும்.