படம் பார்த்துச் செடிக்கு வைத்தியம் சொல்கிறார்களாம்: 3,450 ரூபாய் போயிற்று, செடிகளும் போயின

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டில் சக்குலண்ட் செடிகள் (தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற செடிகள்) வளர்க்கிறவர்கள், முக்கியமாக வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள், தயவுசெய்து படியுங்கள். இலையைப் படம் எடுத்து அனுப்பினால் நோயைக் கண்டுபிடித்து மருந்தும் அனுப்புகிறோம் என்று கைப்பேசியில் விளம்பரம் செய்கிற ஓர் ஆன்லைன் சேவை என்னிடம் 3,450 ரூபாய் பிடுங்கிவிட்டது. கொஞ்சம் வாடியிருந்த செடிகளைக் கொன்றும்விட்டது.

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி வராந்தாவில் எச்செவேரியா, ஹவொர்த்தியா, ஜேட் என்று ஒரு வரிசைத் தொட்டிகள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போன இடத்தில் வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து கொடுத்தவை. ஐப்பசி மழையில் விடாமல் சாரல் அடித்தது. பெரிய எச்செவேரியாவின் அடி இலைகள் மஞ்சளாகி, வேகவைத்த வெங்காயம் போல உள்ளே தெரிகிற பதத்துக்கு வந்துவிட்டன. விரல் பட்டாலே இலை கழன்று விழுந்தது, கழன்ற இடத்தில் நீர் கசிந்தது.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் படம் அனுப்பினேன். சற்று நேரத்தில் ஓர் இளைஞர் அழைத்தார். எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. வராந்தா எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது, தொட்டியின் அடியில் துளை உண்டா, காலை வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் தெரு டாக்டர்கூட என்னிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. "எங்கள் அம்மாவும் இப்படித்தான், செடி வாடினால் சாப்பிடமாட்டார்" என்றார். அந்த வார்த்தையில்தான் நான் முழுவதுமாக நம்பினேன். உடனே, "இலை மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது பாருங்கள் அம்மா, அது பூஞ்சணம். இன்றே கவனிக்காவிட்டால் எல்லாத் தொட்டிக்கும் பரவிவிடும்" என்றார். ஆலோசனைக்கு 450, மருந்துப் பெட்டிக்கு 3,000. ஆக 3,450 ரூபாயை அழைப்பைத் துண்டிக்கும் முன்பே அனுப்பிவிட்டேன். அத்தனை பரிவாகப் பேசிய குரல் அது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கூரியரில் பெட்டி வந்தது. இரண்டு புட்டிகள், ஒரு பை "சிறப்பு மண்கலவை". புட்டிகளின் மேல் பச்சை இலைப் படம் மட்டும். தயாரித்தவர் முகவரி இல்லை, தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. பையைப் பிரித்தால் வெறும் கோகோபீட். நர்சரிகளில் அள்ளிப் போடுகிறார்களே, அந்தத் தென்னை நார்க்கழிவுதான். செய்முறைத் தாளில் மூன்று கட்டளைகள்: முதல் புட்டியை ஈரத்துணியில் நனைத்து வெள்ளைப் பொடியை நன்றாகத் துடைக்க வேண்டும். செடியைப் புதுக் கலவைக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது புட்டி "வேர் டானிக்". அதைத் தண்ணீரில் கலந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொட்டிக்கு ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும். அச்சுப் பிசகாமல் அப்படியே செய்தேன். மழையில் நனையாத ஹவொர்த்தியாவுக்கும், ஒரு குறையும் இல்லாத ஜேட் செடிக்கும்கூட, முன்னெச்சரிக்கையாக ஊற்றச் சொல்லி அவர்களே தனியாகச் செய்தி அனுப்பினார்கள்.

கார்த்திகை பிறந்தபோது எச்செவேரியா ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா குடியாத்தத்திலிருந்து வந்திருந்தார். துடைத்துப் பளபளவென்று இருந்த இலைகளைப் பார்த்ததும், "ஏம்மா, இதைத் துடைக்கச் சொன்னது யார்?" என்றுதான் கேட்டார். அந்த வெள்ளைப் பொடி நோயே இல்லையாம். வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் நீர் ஒட்டாமல் வழிந்தோடவும் செடி தானே பூசிக்கொள்கிற மெழுகு. துடைத்த இலையில் லேசில் திரும்ப வராது.

செடியைத் தொட்டியிலிருந்து உருவினார். வேர் கறுத்து, இழுத்த இடத்தில் நூலாக வந்தது. புளித்த நாற்றம். தண்டைக் கத்தியால் குறுக்கே அரிந்து காட்டினார்: வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்பு வளையம். இன்னும் கொஞ்சம் மேலே அரிந்தார், அங்கேயும் பழுப்பு. உச்சி வரைக்கும் போய்விட்டது. ஆரம்பத்திலேயே தொட்டியை மழை படாத இடத்துக்கு மாற்றி, ஈர மண்ணை உதறி, அழுகிய வேரை நறுக்கிக் காயப் போட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்றார். அழுகல் உச்சி வரை ஏறாமல் இருந்திருந்தால், தண்டில் பழுப்பு இல்லாத இடமாகப் பார்த்து வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை சில நாள் நிழலில் வைத்து, மணல் கலந்த உலர்ந்த கலவையில் நட்டாலே புது வேர் விடுமாம். அதாவது, தண்ணீர் மிகுந்து அழுகிக்கொண்டிருந்த செடிக்கு, ஈரத்தை விடாத கோகோபீட்டைக் கொடுத்து, மேலும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு 3,450 ரூபாய்!

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "செடி மருந்துக்குப் பழக நேரம் எடுக்கும் அம்மா". அழுகிய வேரின் படத்தை அனுப்பினேன், "நிபுணர் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று ஒரு புகார் எண் கொடுத்தார்கள். அடுத்து வேறொரு பெண் பேசினார்: "வேலூர் வெயில்தான் காரணம்". நாள்கணக்காகச் சூரியனையே காணாமல் மழையில் ஊறிக்கிடந்த ஊரைப் பார்த்துச் சொல்கிறார்! கடைசியாக வந்த செய்திதான் தாங்கமுடியாதது: "நீங்கள் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டீர்கள், பணம் திருப்பித் தர இயலாது." ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டம்ளர் என்று எழுதிக் கொடுத்தது யார்? அவர்கள் தாளையே படம் எடுத்து அனுப்பினேன். எண்ணைத் தடை செய்துவிட்டார்கள்.

இலைக்கு என்ன வந்தால் என்ன செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற மனநிலையில் தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். இலை மஞ்சளாகிக் கொழகொழவென்று ஆனால் தண்ணீரை நிறுத்துங்கள், வேரைப் பாருங்கள். இலை சுருங்கி மெலிந்து, தண்டு கெட்டியாக இருந்தால் அது தாகம், தண்ணீர் ஊற்றினால் போதும். இலை இடுக்கில் பஞ்சுத் துணுக்காக வெள்ளை இருந்து, எறும்பும் ஊர்ந்தால் அது மாவுப்பூச்சி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் (கிருமிநீக்க ஸ்பிரிட்) நனைத்த பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுங்கள். இலை முழுக்க ஒரே சீராகப் படிந்த பொடியை யார் சொன்னாலும் துடைக்காதீர்கள். பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து எதுவானாலும் பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணக் குறியும் இல்லாத புட்டியை வாங்காதீர்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அவை கட்டாயம்.

பணம் அனுப்பும் முன் அவர்கள் தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும் வேண்டும். இவர்களிடம் இரண்டும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். பணம் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. இதே சேவையிடம் பெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் செய்முறைத் தாளையும் பணம் கட்டிய ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என்னைத் தொடர்புகொள்ளுங்கள்.