பூவ அமுக்கிக் காய வைக்க வீட்லயே செஞ்ச மர பிரஸ், மூணு வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சுகிட்டது

தங்கச்சி பி.எஸ்சி பாட்டனி சேர்ந்தப்போ ஹெர்பேரியம் (செடிகளை அமுக்கிக் காய வச்சுத் தாள்ல ஒட்டின தொகுப்பு) சப்மிட் பண்ணணும்னு சொல்ல, டெலிஃபோன் டைரக்டரிக்குள்ள செடிய வச்சு மேல அம்மிக்குழவிய ஏத்தி வச்சோம். பாதி செடி கறுத்துப் போச்சு, மீதி குழவி உருண்டதுல நசுங்கிப் போச்சு. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா ஒரு பிரஸ் செஞ்சிடுவோம்னு இறங்கினேன்.

திருச்சில எங்க தெரு ஆசாரி அண்ணன்கிட்ட போய் அலமாரி வேலைல மிஞ்சின ப்ளைவுட் ரெண்டு துண்டு ஒரே சைஸ்ல அறுத்துத் தரக் கேட்டேன், நாலு மூலைலயும் ஓட்டை போடச் சொன்னேன், அவர் ஒரு மாதிரி பாத்துட்டு "என்னம்மா, சப்பாத்தி அமுக்கவா?"ன்னாரு. பூவுக்குன்னு சொன்னதும் ஒண்ணும் பேசல, காசும் வாங்கல. ஹார்ட்வேர் கடைல நாலு போல்ட், வாஷர், விங் நட் (கையாலயே முறுக்குற காது வச்ச நட்) வாங்கி, வீட்ல உப்புத்தாள் போட்டு ஓரத்தைத் தேச்சு மாட்டினா பிரஸ் ரெடி.

ரெடின்னு நினைச்சேன். முதல் தப்பு பலகை கனம். 6 எம்எம் ப்ளைவுட் எடுத்துட்டேன், மூலைல நட்டை முறுக்க முறுக்க நடுவுல அப்பளம் மாதிரி உப்பிக்கிது. ஓரத்துல இருக்கிற பூ தகடா வருது, நடுவுல இருக்கிறது சுருண்டு போகுது. கொஞ்ச நாள் நடுவுல மட்டும் பேப்பர மடிச்சு கனம் கொடுத்து ஓட்டினேன், அப்புறம் 18 எம்எம் பலகைக்கு மாறிட்டேன். ரெண்டாவது, சாதா போல்ட் போட்டா நட்டை முறுக்கும்போது கீழ தலையும் சேர்ந்து சுத்தும், அதோட தலை வெளிய துருத்திக்கிட்டு மேஜைல பிரஸ் ஆடும். அடிப்பலகைல தலை உக்கார்ற அளவுக்குக் குழி தோண்டி எம்-சீல் வச்சு அடைச்சதும் ரெண்டு தொல்லையும் தீந்துச்சு.

ஆனா மூணு வருஷம் கழிச்சு யோசிச்சா பலகை, போல்ட் எல்லாம் பெரிய விஷயமே இல்ல. பூவ காய வைக்கிறது பிரஸ் கிடையாது, பேப்பர்தான். பிரஸ் சும்மா பூ சுருங்காம பிடிச்சுக்குது, ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது பேப்பர், அந்த ஈரப் பேப்பரை மாத்தலைன்னா பூ அதுலயே ஊறிக் கிடக்கும். இது புரியறதுக்கு எனக்கு ஒரு ஐப்பசி மாசம் ஆச்சு. ஆசையா சங்குப்பூ, செம்பருத்தி எல்லாம் வச்சு நல்லா இறுக்கிட்டு ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா பழைய சோத்துப் பானை வாடை, சங்குப்பூ மேல பஞ்சு மாதிரி பூசணம், செம்பருத்தி கொழகொழன்னு பேப்பரோட ஒட்டி ஊதாக் கறையா நிக்குது. செம்பருத்தில வழவழப்பு ஜாஸ்தி, முழுப் பூவா வைக்கவே கூடாது, இதழைத் தனித்தனியா எடுத்து பட்டர் பேப்பர் நடுவுல வச்சா ஓரளவுக்குத் தேறும்.

இப்ப நான் பண்றது இதுதான். காலைல பனி காஞ்சப்புறம் ஒரு ஒம்பது பத்து மணிக்குப் பறிக்கிறது, பறிச்ச உடனே உள்ள வைக்கிறது. பூவுக்கு மேலயும் கீழயும் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் (நியூஸ்பேப்பர் அடிக்கிற வெறும் தாள்), அதுக்கு வெளிய பழைய பேப்பர், அப்புறம் பார்சல் அட்டைப்பெட்டில வெட்டின நெளிநெளி அட்டை. அந்த நெளிவுக்குள்ள காத்து போகும், அதனால அட்டை முக்கியம். டிஷ்யூ பேப்பர் வேணாம், அதுல இருக்கிற புள்ளி டிசைன் அப்படியே இதழ்ல பதிஞ்சிடும். முதல் மூணு நாள் தினமும் பேப்பர் மாத்தணும், எடுத்த பேப்பரை மொட்டை மாடில காயப்போட்டா திரும்ப யூஸ் ஆகும், மழைக்காலத்துல அயர்ன் பாக்ஸ் வச்சுத் தேச்சுடுவேன். சித்திரை வெயில்ல அஞ்சு நாள்ல காயுறது மழைல ரெண்டு வாரம் இழுக்கும். காஞ்சிடுச்சான்னு தெரியணும்னா கன்னத்துல வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

எந்தப் பூ எப்படின்னா, காகிதப்பூவ அடிச்சுக்க ஆளே இல்ல. நாம இதழ்னு நினைக்கிற கலர் பாகம் உண்மைல இலை வகை, பூ நடுவுல இருக்கிற குட்டி வெள்ளைக் குழாய்தான், அதனால அது ஏற்கெனவே பாதி காஞ்ச மாதிரிதான் இருக்கும், ரெண்டு வருஷமாகியும் கலர் நிக்குது. ஆவாரம்பூ, காஸ்மாஸ் நல்லா வரும். மல்லி பழுப்பாயிடும், வேஸ்ட். சாமந்தி ரொம்ப தடிமன். புளிய இலை காயக் காய உதிர்ந்துடும். தொட்டாச்சிணுங்கிய பறிச்சு பிரஸ் வரைக்கும் கொண்டு போறதுக்குள்ள அது கைகூப்பி நிக்கும், விரிஞ்ச இலையோட அத அமுக்க எனக்கு இன்னும் முடியல.

சங்குப்பூவ ஃப்ரேம் பண்ணி பால்கனி பக்கம் மாட்டினேன், ஆறே மாசத்துல சாம்பல் கலர். அதே நாள் காய வச்ச இன்னொண்ணு நோட்டுக்குள்ள இன்னும் நீலமா இருக்கு, ஆக வெளிச்சம்தான் எமன். இன்னொரு எமன் ராமபாணப் பூச்சி, ஃபைலுக்குள்ள புகுந்து ஒரு முழு ஷீட்டைக் கடிச்சிருச்சு. பழைய ஹெர்பேரியங்கள்ல பூச்சி வராம இருக்க மெர்க்குரிக் குளோரைடு தடவுவாங்க, அது கொடிய விஷம், வீட்ல நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. நான் ஜிப் கவர்ல போட்டு ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வச்சுட்டு அப்புறம்தான் ஃபைல்ல வைக்கிறேன், இட்லி மாவு டப்பா பக்கத்துல பூ எதுக்குடின்னு அம்மா திட்டுவாங்க, அது வேற கதை.

இப்போதைக்கு ஒரே குறை, விங் நட் ரெண்டு துருப்பிடிச்சு முறுக்கவே கை வலிக்குது. புதுசா செய்றவங்க அந்தச் சின்னக் காசைப் பாக்காம ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே கேட்டு வாங்கிடுங்க.