கார் கம்பெனி ஒர்க்ஷாப்ல ஒர்க்-ஸ்டடி: அஞ்சுக்கு மூணரை ஸ்டார்

சிங்கப்பூர்ல ஐடிஇ (தொழிற்கல்விக் கழகம்) முடிச்சிட்டு அடுத்து என்னன்னு முழிக்கிற பசங்க, அதவிட அவங்க அம்மாங்க, என்னைப் பாத்தா கேக்குறது இது ஒண்ணுதான், "தம்பி அந்த கார் கம்பெனி ஒர்க்-ஸ்டடி நல்லா இருக்கா, எங்க பையன சேத்து விடலாமா?" ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துப் போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதுறேன். நான் முடிச்சது வேலை பாத்துக்கிட்டே படிக்கிற ஐடிஇ ஒர்க்-ஸ்டடி டிப்ளமா, ஒரு ஐரோப்பிய பிராண்டோட ஒர்க்ஷாப்புல. பேரு வேணாம், அங்க இன்னும் நம்ம ஆளுங்க வேலை பாக்குறாங்க.

கார் கம்பெனின்னதும் ரோபோ அசெம்ப்ளின்னு கற்பனை பண்ணிக்கிட்டு வராதீங்க. இங்க கார் அசெம்பிள் பண்ணதெல்லாம் தாத்தா காலம், புக்கிட் தீமால ஃபோர்டு ஃபேக்டரி 1941ல தொறந்தாங்க, 1942 பிப்ரவரில வெள்ளக்காரன் ஜப்பான்காரன்கிட்ட சரணடைஞ்சு கையெழுத்து போட்டதே அந்தக் கட்டடத்துலதான், 1980ல ஃபோர்டு கடைய மூடிட்டாங்க. அதுக்கப்புறம் 2023லதான் ஹூண்டாய் ஜூரோங்ல ஏழு மாடிக்கு ஒண்ணு தொறந்தாங்க, நீளமா ஓடுற கன்வேயர் இல்லாம செல்லு செல்லா (தனித்தனி வேலை எடமா) பிரிச்சு ஐயோனிக் 5 எலெக்ட்ரிக் கார் செய்றாங்க, மொட்டமாடில 620 மீட்டர் டெஸ்ட் டிராக் வேற. அங்க எடம் கெடைச்சா யோசிக்காம போங்க. மத்தவங்களுக்கு கார் கம்பெனின்னா டிஸ்ட்ரிபியூட்டர் நடத்துற சர்வீஸ் சென்டர்தான், நீங்க வண்டி செய்யப் போறதில்ல, வந்த வண்டில என்ன கோளாறுன்னு தேடப் போறீங்க.

வாரத்துல ஒரு நாள் காலேஜ், மீதி நாளு ஒர்க்ஷாப். காலேஜ் பக்கம் எனக்கு ஒரு கொறையும் இல்ல, லெக்சரர்ங்க பாதிப்பேரு ஃபீல்டுல இருந்து வந்தவங்க, லேப்புல சாமான் எல்லாம் புதுசு. கோர்ஸுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னா நாலரை போடுவேன்.

ஒர்க்ஷாப்லதான் விஷயமே இருக்கு, யாரும் முன்கூட்டி சொல்லித் தரமாட்டாங்க, கவனமா படிங்க. அங்க ஒவ்வொரு வேலைக்கும் புத்தகத்துல ஒரு நேரம் போட்டிருக்கும், பிரேக் பேட் மாத்த இவ்ளோ, வாட்டர் பம்ப்புக்கு இவ்ளோன்னு, டெக்னீஷியன் அதவிட சீக்கிரம் முடிச்சு நெறைய வண்டி தள்ளுனா இன்சென்டிவ் ஏறும். இப்ப நீங்களே சொல்லுங்க, அவரு பக்கத்துல ஒண்ணும் தெரியாத பையன நிறுத்தி வெச்சு "இத ஏன் கழட்டுறோம் தெரியுமா"ன்னு வெளக்கிக்கிட்டு இருந்தா யாரு பாக்கெட்டுல இருந்து காசு போகுது? அவரு பாக்கெட்டுலதான். அதனால என்னைய மொதல்ல போட்ட டீம்ல எனக்குக் கெடைச்ச வேலை டயர் கழட்டு, டயர் மாட்டு, புது வண்டில பிளாஸ்டிக் கவர் உரி, ஆயில் ட்ரே கழுவு. அந்த சீனியர்ங்க மேல எனக்குக் கோவம் இல்ல, மலேசியா ஜோகூர்ல இருந்து விடியக்காலைல காஸ்வே பாலம் தாண்டி வர்ற மனுசங்க, வீட்டுக்கு லோன் கட்டணும், எனக்காக அவங்க ஏன் நஷ்டப்படணும். கோவம் எல்லாம் அப்படி கணக்குப் போட்டு வெச்ச மேனேஜ்மென்ட் மேலதான்.

அப்புறம் டயக்னோஸ்டிக் பக்கம் மாத்துனாங்க, அங்க இருந்த அண்ணனுக்கு மாசச் சம்பளம் ஃபிக்ஸ்டு, வண்டிக் கணக்கு கெடையாது. அங்க தெரிஞ்சுது வித்தியாசம். மழ சீசன்ல ஒரு வண்டி வந்துச்சு, டேஷ்போர்டுல தீபாவளி மாதிரி எல்லா லைட்டும் எரியுது, ஸ்கேனர போட்டா பக்கம் பக்கமா ஃபால்ட் கோட். வேற யாராச்சும்னா மாட்யூல (வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர் பெட்டிய) மாத்திப் பாப்போம்னு ஆர்டர் போட்டிருப்பாங்க, கஸ்டமருக்கு ஆயிரக்கணக்குல பில்லு. அண்ணன் "தம்பி, பேட்டரி ஒயர எடுத்துட்டு கேன் லைன்ல ரெசிஸ்டன்ஸ் பாரு"ன்னாரு. கேன் லைன்னா அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஒயர் ஜோடி, அதோட ரெண்டு முனைலயும் 120 ஓம் இருக்கும், ரெண்டும் சேந்து மீட்டர்ல 60 காட்டணும், 120 காட்டுச்சு. அப்ப எங்கயோ நடுவுல அந்துருக்குன்னு அர்த்தம். தேடித் தேடி கார்பெட்ட தூக்குனா உள்ள ஈரம், கனெக்டர் பின்னு பச்சை பூத்து கெடக்கு, சன்ரூஃப் தண்ணி வடியிற குழாய்ல எலை அடைச்சு உள்ள எறங்கியிருக்கு. ஒயர சரி பண்ணி குழாய சுத்தம் பண்ணி வண்டி போயிடுச்சு, ஒரு மாட்யூல் கூட மாத்தல. அன்னைக்குப் படிச்சத எந்த கிளாஸ்லயும் படிக்க முடியாதுங்க.

இவி, அதான் எலெக்ட்ரிக் வண்டி, அந்த வேலையும் அவருகிட்டதான். 400 வோல்ட், சில வண்டில 800, ஆரஞ்சு கேபிள் பக்கம் கையே வெக்கக் கூடாது ஒழுங்கா கரண்ட துண்டிச்சு ஐசொலேட் பண்ணாம. கிளவுஸ சுருட்டி காத்தடைச்சு ஓட்டை இருக்கான்னு பாக்கணும், பெரிய பேட்டரி கரண்ட துண்டிக்கிற சர்வீஸ் பிளக்க எடுத்து பூட்டு போட்டு சாவிய நம்ம பாக்கெட்டுல வெச்சுக்கணும், கெபாசிட்டர்ல தேங்குன கரண்ட் எறங்குற வரைக்கும் காத்திருக்கணும், அப்புறம் மீட்டர தெரிஞ்ச வோல்டேஜ்ல ஒருதரம் வெச்சுப் பாத்து, வண்டில பாத்து, திரும்பவும் தெரிஞ்ச எடத்துல வெச்சுப் பாக்கணும், மீட்டரே செத்துப் போயிருந்தா ஜீரோன்னு நம்பி கைய வெச்சிருவோம்ல. இவ்ளோ பண்ணியும் "இவி ஸ்டார்ட் ஆகல"ன்னு வர்றதுல பல வண்டிக்கு பழைய 12 வோல்ட் பேட்டரிதான் படுத்திருக்கும், அது தனி காமெடி. 2030ல இருந்து புதுசா ரிஜிஸ்டர் ஆகுற கார் எல்லாம் கிளீனர் எனர்ஜியா (எலெக்ட்ரிக், ஹைப்ரிட் மாதிரி) இருக்கணும்னு கவர்மென்ட் சொல்லிருச்சு, அதனால இந்தப் பகுதிக்கு மட்டுமாவது இந்த கோர்ஸ் வொர்த்து.

கொறைன்னா வெக்கை, ஃபேன் சுத்தும் ஆனா சுடுகாத்துதான் வரும். சனிக்கிழமை வேலை. சம்பளம் போதும்னு சொல்ல முடியாது, வீட்டுல இருந்து போறவனுக்கு ஓகே. பாண்ட் இருந்துச்சு, படிச்சு முடிச்சும் கொஞ்ச நாள் அங்கயே தாஹான் பண்ணணும் (பொறுத்துக்கிட்டு இருக்கணும்), கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அத முழுசா படிங்க, அப்பாவையும் படிக்கச் சொல்லுங்க.

இன்டர்வியூல "ஏதாச்சும் கேள்வி இருக்கா"ன்னு கேப்பாங்க, அப்ப லீவு எத்தனைன்னு கேக்காதீங்க, "எனக்கு சொல்லிக் குடுக்குறவருக்கு இன்சென்டிவ் எப்படி கணக்குப் பண்றீங்க"ன்னு கேளுங்க. பளிச்சுன்னு பதில் வந்தா சேருங்க, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்தாங்கன்னா வேற கம்பெனி பாருங்க. கார் மேல பைத்தியமா இருக்கவன விட, வீட்டுல பழைய ஃபேன பிரிச்சுப் போட்டு திட்டு வாங்குற பையனுக்குத்தான் இது சரிவரும்.

சேஃப்டி ஷூ அவங்களே குடுப்பாங்க, ஆனா நாள் முழுக்க சிமெண்ட் தரைல நிக்கணும், நல்ல இன்சோல் ஒண்ணு முஸ்தபா கடைல வாங்கி போட்டுக்கோங்க.