கேம்பெல்லா, ஸ்கோல்ஸா?

2018-19 பருவம், இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூ. பயிற்சியாளராக வந்த இரண்டு பழைய நட்சத்திரங்கள். யார் மேல்?

பால் ஸ்கோல்ஸுக்கு ஓல்டம் சிறுவயதிலிருந்தே பிடித்த கிளப். முதல் ஆட்டத்திலேயே யோவிலுக்கு எதிராக 4-1 வெற்றி. அப்புறம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 31 நாளில், தான் நினைத்தபடி இயங்க முடியாது என்று விலகிவிட்டார்.

சோல் கேம்பெல் போன மேக்கிள்ஸ்ஃபீல்டோ பட்டியலின் அடியில் கிடந்தது. கீழ் அடுக்குக்கு இறங்காமல் தப்பிக்கும் இடத்துக்கு ஐந்து புள்ளி பின்னால். கடைசி நாளில் கேம்பிரிட்ஜுடன் 1-1 டிரா செய்து பிழைத்தது. பழம்பெரும் நாட்ஸ் கவுன்டி கீழே போனது. 2020-இல் மேக்கிள்ஸ்ஃபீல்டே கலைக்கப்பட்டது வேறு சோகம்.

ஸ்கோல்ஸின் பாஸ்களுக்கு நான் அடிமை. ஆனால் பயிற்சியாளராக, சந்தேகமே இல்லை, கேம்பெல்தான்.